வசந்தத் தோட்டம்: 6 சதுர மீட்டர் மண், 14 பொட்டலம் விதை, முதல் முறை

முதல்மண்வெட்டி
எல்லோருக்கும் வணக்கம். வீட்டின் பின்பக்கம் 3 மீட்டருக்கு 2 மீட்டர் அளவில் புல் மண்டிய இடம் ஒன்று இருக்கிறது. குளிர்காலம் முழுக்க ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இந்த வசந்தத்தில் காய்கறி போட்டே தீருவது என்று முடிவு செய்திருக்கிறேன். மண்வெட்டி புதிது, ஆளும் புதிது. இதுவரை நான் வளர்த்த ஒரே செடி ஒரு மணிபிளாண்ட். அதுவும் என்னை நம்பி வளரவில்லை.

கையில் உள்ள விதைகள்: தக்காளி, குடைமிளகாய், மிளகாய், கத்தரி, வெள்ளரி, சுக்கினி, பீன்ஸ், பட்டாணி, முள்ளங்கி, கேரட், லெட்டூஸ், கொத்தமல்லி, பேசில், ரோஸ்மேரி. புதினாவை மட்டும் பக்கத்து வீட்டு அம்மா வேரோடு பிடுங்கித் தருகிறேன் என்றிருக்கிறார்.

இங்கே கடைசி உறைபனிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறதாம். வருகிற சனிக்கிழமை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விதைத்துவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

விதைப்பெட்டி
சரியில்லை தம்பி. பொட்டலங்களை மேசையில் கொட்டி முதலில் இரண்டாகப் பிரியுங்கள்.

பட்டாணி, முள்ளங்கி, கேரட், லெட்டூஸ், கொத்தமல்லி ஒரு பக்கம். இவை குளிர் தாங்கும், சொல்லப்போனால் குளிரைத்தான் விரும்பும். கடைசி உறைபனிக்கு நாலைந்து வாரம் முன்பே நேராக மண்ணில் போடலாம். கேரட்டுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

ரோஸ்மேரி தவிர மற்றவை எல்லாம் சூடு கேட்பவை. உறைபனி பட்டால் ஒரே இரவில் போய்விடும். மிளகாயும் குடைமிளகாயும் கத்தரியும் மெதுவாக வளர்பவை, வெளியே நடுவதற்கு 8 முதல் 10 வாரம் முன்னால் வீட்டுக்குள் விதைக்க வேண்டும். அவற்றை வெளியே நடுவதே கடைசி உறைபனிக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் என்பதால் நீங்கள் பிந்திவிடவில்லை, ஆனால் இந்த வாரமே போட்டுவிடுங்கள். தக்காளிக்கு 6 முதல் 8 வாரம் போதும். வெள்ளரியும் சுக்கினியும் நடுவதற்கு மூன்று வாரம் முன்னால் போட்டால் போதும், அதுவும் தனித்தனிக் குவளையில், ஏனென்றால் வேரைத் தொட்டால் அவற்றுக்குப் பிடிக்காது. பீன்ஸை வீட்டுக்குள் முளைக்க வைப்பது வீண் வேலை, மண் சூடானதும் நேராகப் போடுங்கள்.

ரோஸ்மேரி விதையை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மெதுவாகவும் ஒழுங்கில்லாமலும் முளைக்கும். ஒரு சின்னச் செடி வாங்குங்கள், அல்லது தெரிந்தவர் வீட்டில் ஒரு கொப்பு வெட்டி வேர்விட வையுங்கள்.

மண்புழு
அக்கா சொன்ன கணக்கு சரி. ஆனால் விதை நாட்காட்டியைப் பார்ப்பதில்லை, மண்ணைத்தான் பார்க்கிறது. சமையலறை வெப்பமானி ஒன்று இருந்தால் காலையில் 5 செ.மீ. ஆழத்தில் குத்திப் பாருங்கள். பட்டாணிக்கும் லெட்டூஸுக்கும் 5 முதல் 7 டிகிரி செல்சியஸ் இருந்தாலே போதும், மெதுவாக முளைத்துவிடும். பீன்ஸ் 15 டிகிரிக்குக் கீழே ஊறி அழுகும். தக்காளிக்கு 20-க்கு மேல் வேண்டும், மிளகாய் 25-ஐத் தாண்டினால்தான் சுறுசுறுப்பாக முளைக்கும். அதனால்தான் இவற்றை வீட்டுக்குள் தொடங்குகிறோம்.

இன்னொன்று. முதல் வெயில் நாளில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்து விரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் கொத்தலாம். களிமண் பொம்மைபோல நின்றால் இன்னும் ஈரம் போகவில்லை என்று அர்த்தம். அந்த ஈரத்தில் கொத்தினால், ஏன் ஏறி மிதித்தாலே, மண் இறுகிக் கட்டி தட்டிப்போய் அந்த வருடம் முழுக்கச் சரியாகாது. என் முதல் வருடம் அப்படித்தான் போயிற்று. ஆடி மாதக் குளம் காய்ந்த மாதிரி வெடித்துக் கிடந்தது.

நிழல்வாசி
வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது? அதைச் சொல்லாமல் எல்லோரும் விதைக்குப் போய்விட்டீர்களே.

முதல்மண்வெட்டி
இன்று மணிக்கு ஒரு தடவை போட்டோ எடுத்தேன். காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை நல்ல வெயில்.

நிழல்வாசி
பக்கத்தில் மரம் ஏதாவது இருக்கிறதா? இப்போது மொட்டையாக நிற்கும். இலை விட்ட பிறகு அதே வெயில் கிடைக்குமா என்று பாருங்கள். நான் வசந்தத்தில் வெயில் பார்த்து இடம் பிடித்து, கோடையில் முழு நிழலில் தக்காளி வளர்த்தவன். இந்தப் புனைபெயருக்குக் காரணமே அதுதான்.

முதல்மண்வெட்டி
ஐயோ, இருக்கிறது. மேற்கு மூலையில் பெரிய மரம். இலை விட்டால் அந்தப் பாதிக்கு மதியத்துக்குப் பிறகு வெயில் போய்விடும் என்று நினைக்கிறேன். இனி என்ன செய்ய?

நிழல்வாசி
ஒன்றும் மோசமில்லை. நாலு மணி நேர வெயிலில் லெட்டூஸ், கொத்தமல்லி, புதினா எல்லாம் வரும். கோடையில் மதிய நிழல் அவற்றுக்கு நல்லதுகூட. காய் வைக்கிற செடிக்குத்தான் 6 முதல் 8 மணி நேரம் வேண்டும். தக்காளி, மிளகாய், வெள்ளரி எல்லாம் கிழக்குப் பாதிக்கு.

உரக்குழி
இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 6 சதுர மீட்டரில் நடக்க வழி விட்டால் மிஞ்சுவது 4 சொச்சம். ஒரு சுக்கினிச் செடிக்கு மட்டும் ஒரு சதுர மீட்டர் போய்விடும். பொட்டலத்தில் எத்தனை விதை இருந்தாலும் சரி, ஒன்றே ஒன்று போதும். இரண்டு வைத்தால் காய் கொடுக்க ஆள் தேடுவீர்கள். தக்காளி 50 செ.மீ. இடைவெளியில் மூன்று. கத்தரியை இந்த வருடம் விட்டுவிடுங்கள், அது நீண்ட சூடான கோடை கேட்கும்.

பாத்தியை 1.2 மீட்டருக்கு மேல் அகலமாக்காதீர்கள். இரண்டு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும், உள்ளே கால் வைக்கவே கூடாது.

முதல்மண்வெட்டி
கத்தரிக்கு மனசு வரவில்லை. சரி, ஒரு தொட்டியில் வைத்துப் பார்க்கிறேன். அப்புறம் அந்தப் புல்லை என்ன செய்வது? வேரோடு தோண்டி எடுக்கவா, அட்டை விரித்து மூடவா? இரண்டையும் சொல்கிறார்கள்.

மண்புழு
அட்டை. பிசின் நாடாவைப் பிய்த்துவிட்டு, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று நன்றாக ஏறும்படி விரித்து, நனைத்து, மேலே 10 முதல் 15 செ.மீ. மட்கு உரம். புல் இருட்டில் செத்துப்போகும், மண்ணின் அடுக்கும் கலையாது. லெட்டூஸையும் முள்ளங்கியையும் அந்த மட்கிலேயே விதைக்கலாம்.

உரக்குழி
ஏழு வாரத்தில் சாதாரணப் புல் சாகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மண்ணுக்கடியில் ஓடும் வேர்க்கிழங்கு உள்ள களை இருந்தால் அட்டையைப் பார்த்துச் சிரிக்கும். என் தோட்டத்தில் ஓரத்தைச் சுற்றி வந்து நடுப்பாத்தியில் தலை நீட்டியது. முதலில் ஒரு மண்வெட்டி ஆழம் தோண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தடித்த வேர் நீளமாக ஓடினால் கையால் பொறுக்கி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. கேரட்டுக்கும் அட்டை ஆகாது. கீழே தடுக்கினால் இரண்டு கால் முளைத்து நிற்கும்.

மண்புழு
கேரட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. மற்றதில் எப்போதும்போல நமக்குள் சண்டைதான்.

கசப்புஅனுபவம்
மட்கு உரம் என்றதும் என் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு வருடம் முன்பு ஒரு லோடு மாட்டுச்சாணி மட்கு வாங்கினேன். பார்க்கக் கறுப்பாக, வாசமாக, அருமையாக இருந்தது. நட்ட தக்காளி எல்லாம் நுனி இலை பெரணி மாதிரி சுருண்டு, தண்டு முறுக்கிக்கொண்டு நின்றது. வைரஸ் என்று நினைத்து முதலில் நாலு செடியைப் பிடுங்கிப் போட்டேன். கடைசியில் பார்த்தால் களைக்கொல்லி மிச்சம். அகல இலைக் களைகளைக் கொல்ல மேய்ச்சல் புல்லில் அடிக்கும் மருந்தில் ஒரு வகை உண்டு, அமினோபைரலிட் போன்றவை. மாடு அந்தப் புல்லைத் தின்றாலும் மருந்து சிதையாமல் சாணியில் வந்துவிடும், மட்கின பிறகும் மாதக்கணக்கில் வேலை செய்யும். புல்லுக்கு ஒன்றும் ஆகாது. தக்காளி, பீன்ஸ், பட்டாணிக்குத்தான் ஆபத்து.

அதனால் எந்த மட்கு வாங்கினாலும் முதலில் சோதனை. இரண்டு குவளையில் அந்த மட்கு, இரண்டு குவளையில் நம்பகமான மண் கலவை, நாலிலும் பீன்ஸ் விதை. மூன்று வாரம் வளரட்டும். மட்கில் வளர்ந்ததின் இலை மட்டும் சுருண்டால் அந்த மூட்டையைப் பாத்திப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். உங்களுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறதே, எனக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை.

பச்சைச் சாணி போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வசந்தத்தில் வேண்டாம். மண்ணைத் தொட்டு வளரும் லெட்டூஸ், முள்ளங்கி, கேரட்டுக்குப் பச்சைச் சாணி போட்டால் அறுவடைக்குக் குறைந்தது 120 நாள் இடைவெளி வேண்டும். அதில் நோய்க்கிருமி இருக்கும்.

முதல்மண்வெட்டி
பீன்ஸ் சோதனை ஆரம்பித்துவிட்டேன். நாலு குவளையும் ஜன்னலில். மிளகாயும் குடைமிளகாயும் விதைத்தாயிற்று, தக்காளி அடுத்த வாரம்.

ஒரு சந்தேகம். கத்தரித் தொட்டியில் தண்ணீர் வடிய அடியில் கூழாங்கல் போடச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அம்மா.

மண்புழு
போடாதீர்கள். நுரைப்பஞ்சை நனைத்துக் கையில் தூக்கிப் பிடியுங்கள். சொட்டுவது நின்ற பிறகும் அடிப்பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கும். தொட்டி மண்ணும் அப்படித்தான், மண் எங்கே முடிகிறதோ அங்கே ஓர் ஈர அடுக்கு நிற்கும். கல் போட்டால் அந்த அடுக்கு வேருக்கு இன்னும் பக்கத்தில் ஏறி வரும், அவ்வளவுதான். அடியில் ஓட்டை இருந்தால் போதும். கத்தரிக்கோ தக்காளிக்கோ 20 லிட்டர் தொட்டி எடுங்கள். தோட்டத்து மண்ணை அள்ளிப் போடாதீர்கள், தொட்டியில் அது செங்கல் ஆகிவிடும்.

அந்த அம்மாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். புதினா வர வேண்டும்.

விதைப்பெட்டி
புதினா வந்தாலும் தனித் தொட்டியில்தான். பாத்தியில் வைத்தால் அடுத்த வருடம் இந்த உரையாடலுக்குப் புதினாவை ஒழிப்பது எப்படி என்று பெயர் மாற்ற வேண்டிவரும்.

முதல்மண்வெட்டி
(மூன்று வாரம் கழித்து) பீன்ஸ் சோதனையில் தப்பித்தேன், நாலும் நன்றாக இருக்கின்றன. பட்டாணியும் முள்ளங்கியும் மண்ணில் போட்டாயிற்று.

கெட்ட செய்தி தக்காளி. 20 முளைத்தது, பார்க்க எவ்வளவு அழகு! நேற்றுக் காலை ஏழு சாய்ந்து கிடந்தது. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல் கட்டி இறுக்கிய மாதிரி மெலிந்திருக்கிறது. மீதியும் ஜன்னலைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டு வெளிறி நிற்கிறது. தினமும் இரண்டு வேளை தண்ணீர் விட்டுத்தான் வந்தேன்.

விதைப்பெட்டி
அந்த இரண்டு வேளைதான் காரணம். இது நாற்றழுகல், மண்ணில் இருக்கும் பூஞ்சைகளாலும் பூஞ்சை போன்ற கிருமிகளாலும் வரும் நோய். ஈரமும் குளிரும் காற்றில்லாமையும் சேர்ந்தால் வரும். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது, சுற்றியிருக்கும் மண்ணோடு எடுத்துப் போடுங்கள். மேலே மூடி இருந்தால் கழற்றுங்கள். இனி மேலிருந்து ஊற்றாமல் தட்டில் தண்ணீர் வைத்து, கீழிருந்து உறிஞ்ச விட்டு, அரை மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மேல் மண் வெளிறின பிறகுதான் அடுத்த தண்ணீர். சின்ன விசிறி ஒன்று இருந்தால் மெல்ல ஓட விடுங்கள், தண்டும் கெட்டிப்படும்.

கழுத்து நீட்டுவது வெளிச்சம் போதாமல். அந்தப் பருவத்து ஜன்னல் வெளிச்சம் நம் கண்ணுக்குத்தான் வெளிச்சம். சாதாரண வெள்ளை எல்இடி குழல்விளக்கு ஒன்றை நாற்றுக்கு மேல் 5 முதல் 10 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, தினமும் 14 முதல் 16 மணி நேரம் எரிய விடுங்கள்.

நேரடிநடவு
இவ்வளவு வம்பு எதற்கு? நான் ஆறு வருடமாகத் தக்காளி, மிளகாய் நாற்றை வாங்கித்தான் நடுகிறேன். மூன்று தக்காளிக்கு விளக்கு, விசிறி, தட்டு என்று வீட்டையே ஆய்வுக்கூடம் ஆக்க வேண்டுமா?

விதைப்பெட்டி
முதல் வருடத்துக்கு அது நியாயமான வழிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நாற்று வாங்கினால் அங்கே இருக்கும் ரகம்தான் கிடைக்கும். எனக்குப் பிடித்த தக்காளி எந்த நாற்றங்காலிலும் இல்லை.

நேரடிநடவு
அது பித்து, தோட்டம் இல்லை.

விதைப்பெட்டி
ஆமாம், பித்துதான். அதனால் என்ன?

முதல்மண்வெட்டி
விளக்கு மாட்டிவிட்டேன். 13 தக்காளி பிழைத்திருக்கிறது. ஆனால் தண்டு நூல் மாதிரி நீண்டுவிட்டதே, அதை எப்படி நடுவது?

மண்புழு
தக்காளியில் மட்டும் இந்தத் தவறுக்கு மன்னிப்பு உண்டு. தண்டு மண்ணுக்குள் போனால் அங்கிருந்தும் வேர் விடும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேல் இலைக்கொத்து வெளியே தெரிய ஆழமாகப் புதையுங்கள். குழி ஆழம் போதவில்லை என்றால் சாய்வாகப் படுக்கவைத்து நடலாம், இரண்டு நாளில் நிமிர்ந்துவிடும்.

அதற்கு முன்னால் வெளியே பழக்க வேண்டும். வீட்டுக்குள் வளர்ந்த இலைக்கு நேர் வெயிலும் காற்றும் தெரியாது. முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம். அடுத்த நாள் இரண்டு. பிறகு காலை வெயில். இப்படி ஏழு முதல் பத்து நாள். அவசரப்பட்டால் இலை வெள்ளைத் தாள் மாதிரி வெந்துவிடும்.

முதல்மண்வெட்டி
(கடைசி உறைபனி நாள் கழிந்து நாலு நாள்) பழக்கினேன். தக்காளி நன்றாக இருக்கிறது. பேசிலையும் கூடவே வெளியே விட்டேன். உறைபனிதான் முடிந்துவிட்டதே என்று நேற்றிரவு உள்ளே எடுக்கவில்லை. காலையில் இலை எல்லாம் கறுப்பு. வெப்பமானியைப் பார்த்தால் இரவில் 4 டிகிரி, பனியே விழவில்லை!

விதைப்பெட்டி
பேசிலுக்குப் பனி தேவையில்லை தம்பி, 10 டிகிரிக்குக் கீழே போனாலே முகம் சுளிக்கும். கடைசி உறைபனி நாள் என்பதும் பல வருடச் சராசரி, வானம் போட்ட கையெழுத்து இல்லை. கணுவில் பச்சை இருந்தால் அதற்கு மேல் வெட்டிவிட்டு உள்ளே வையுங்கள், துளிர்க்கலாம். இல்லாவிட்டால் மறுபடி விதையுங்கள், ஒரு வாரத்தில் முளைக்கும். இந்தக் கூட்டத்தில் அவசரமே இல்லாத செடி அதுதான். தக்காளிக்கும் இரவு 10 டிகிரி தாண்டட்டும்.

முள்ளங்கிப்ரியை
குறுக்கே ஒரு கேள்வி. என் கொத்தமல்லி ஒரு சாண் வளர்வதற்குள் பூத்துவிடுகிறது. ஒவ்வொரு வருடமும் இதே கதை. வீட்டுக்குள் நாற்று விட்டுத்தான் நடுகிறேன்.

உரக்குழி
அந்த நாற்றுதான் பிரச்சினை. கொத்தமல்லிக்கு ஆணிவேர், பிடுங்கி நட்டால் பயந்துபோய்ப் பூக்க ஓடும். நேராக விதையுங்கள். உருண்டையாக இருப்பது உண்மையில் இரண்டு விதை ஒட்டிய காய். உள்ளங்கையில் வைத்து லேசாக அழுத்தி உடைத்துப் போட்டால் முளைப்பு நன்றாக இருக்கும். சூடும் நீண்ட பகலும் வந்தால் எப்படியும் பூக்கும், அதைத் தடுக்க முடியாது. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு வரிசை என்று போட்டுக்கொண்டே போங்கள். பூத்ததை விட்டுவையுங்கள். செடிச் சாறு உறிஞ்சும் அசுவினியைத் தின்னும் பூச்சிகள் அந்தப் பூவுக்கு வரும்.

முதல்மண்வெட்டி
(மேலும் ஐந்து வாரம்) முள்ளங்கி 28 நாளில் கிடைத்தது! பட்டாணி காய்த்துக்கொண்டிருக்கிறது. லெட்டூஸை மட்டும் நத்தை தினமும் எனக்கு முன்னால் எழுந்து முடித்துவிடுகிறது.

நிழல்வாசி
அது உங்களுக்கு முன்னால் எழுவதில்லை, நீங்கள் தூங்கின பிறகு வருகிறது. இருட்டின பிறகு டார்ச்சோடு போய்ப் பொறுக்குங்கள், தொடர்ந்து ஒரு வாரம். ஒரு பலகையைப் பாத்தியோரம் கவிழ்த்து வைத்தால் பகலில் அதன் அடியில் ஒளியும், காலையில் புரட்டி எடுக்கலாம். தண்ணீரை மாலையில் விடாமல் காலையில் விட்டால் இரவில் அதன் பாதை காய்ந்திருக்கும்.

உரக்குழி
தண்ணீர் என்றதும் ஒன்று. சதுர மீட்டருக்கு வாரம் 25 லிட்டர் சுமாராகப் போதும், மழை பெய்தால் குறையுங்கள். தினமும் தெளிப்பதைவிட வாரம் இரண்டு முறை ஆழமாக விடுவது நல்லது. தக்காளிக் காயின் அடி கறுத்துக் குழிந்தால் முட்டை ஓட்டைத் தேடி ஓடாதீர்கள். பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் இல்லை, தண்ணீர் விட்டு விட்டுக் கிடைப்பதால் அது காய் வரை போவதில்லை. மண் சூடான பிறகு வைக்கோல் மூடாக்குப் போட்டால் பாதித் தொல்லை தீரும். அதற்கு முன்னால் போட்டால் குளிரைத்தான் மூடி வைப்பீர்கள்.

முதல்மண்வெட்டி
மூடாக்குப் போட்டாயிற்று. இப்போது சுக்கினி. பத்து நாளாகப் பெரிய பெரிய மஞ்சள் பூவாகப் பூத்துத் தள்ளுகிறது, எல்லாம் உதிர்கிறது. காய் ஒன்றுகூட இல்லை. என்ன குறை வைத்தேன்?

விதைப்பெட்டி
ஒரு குறையும் இல்லை. முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூ. நீளமான மெல்லிய காம்பில் நிற்கும், ஒரு நாளில் உதிரும். பெண் பூவுக்குப் பின்னால் விரல் அளவு குட்டிச் சுக்கினி ஒட்டியிருக்கும். அது வந்த காலையில் ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்து, நடுவில் உள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். மதியத்துக்குள் பூ மூடிக்கொள்ளும், அதற்குள் செய்ய வேண்டும். தேனீ நிறைய வருகிறது என்றால் நீங்கள் சும்மா இருக்கலாம்.

முதல்மண்வெட்டி
இன்று காலை வந்தேவிட்டது அக்கா, பின்னால் குட்டிக் காயோடு! ஆனால் இத்தனை நாள் பூத்துத் தள்ளிய ஆண் பூவில் இன்று பார்த்து ஒன்றுகூட விரியவில்லை. உரக்குழி அண்ணன் சொன்னார் என்று ஒரே செடிதான் வைத்தேன்.

உரக்குழி
காய் கொடுக்க ஆள் தேடுவீர்கள் என்றுதானே சொன்னேன், பூ கேட்க ஆள் தேடுவீர்கள் என்று தோன்றவில்லை. மணி என்ன அங்கே?

முதல்மண்வெட்டி
எட்டரை.

மண்புழு
புதினா கொடுத்த அம்மா வீட்டில் சுக்கினி இருக்கிறதா? ஓடுங்கள். கூழாங்கல் பேச்சை எடுக்காதீர்கள்.